எது சாவுச் சங்கு?

என் அப்பாவின் சாவுக்கு வந்த வேனிலிருந்து முதலில் இறங்கியது ஒரு மாலை. வெள்ளைச் செவ்வந்தி, நடுநடுவே வாடாமல்லி. மாலைக்குப் பின்னால் அதைப் பிடித்திருந்த பார்வதி அம்மா. டயகமவிலிருந்து வந்திருந்தார். என் தங்கச்சி கோகிலாவுக்கு அடுத்த வாரம் மாமியாராகப் போகிறவர்.

"அண்ணே! பொண்ணு கழுத்துல தாலி ஏறுறதப் பாக்காமப் போயிட்டீங்களே அண்ணே!" என்று மாரில் அடித்துக்கொண்டே எங்கள் லயத்து வரிசை வீடுகளின் படிகளில் இறங்கி வந்தார். பின்னால் வேன் நிறையச் சனம். எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள்.

அப்பா முன்திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சீனி. ஒரு நக்கு சீனி, ஒரு மடக்குத் தேத்தண்ணி, அதுதான் அவர் கணக்கு. அழுகைச் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஐயோ, வாங்க தங்கச்சி. யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

பார்வதி அம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரியாததால், அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

நான் கதவோரம் நின்றேன். கையில் தைத்துக்கொண்டிருந்த கல்யாண ரவிக்கை. சிரிப்பதா, அழுவதா, ஓடி ஒளிவதா என்று எனக்கு விளங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

ஒரு வாளியில் இரண்டு சங்கு

போன வாரம் ரொட்டி சுடுவதைப் பற்றி எழுதப்போய் அரிசி விலையில் முடித்துவிட்டேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். இந்த வாரமாவது நேராகச் சொல்லப் பார்க்கிறேன். ஆனால் இது நேரான கதை இல்லை. சங்கு மாதிரியே உள்ளுக்குள் சுற்றிச் சுற்றிப் போகிற கதை.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே. அங்கே இரண்டு சங்குகள் இருந்தன. ஒன்று மாரியம்மன் கோயில் சங்கு. எங்கள் முன்னோர் கடல் தாண்டி வந்தபோது துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதில் எப்போதும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கும். பூசைக்கும், கோயிலில் நடக்கும் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்கும் அதைப் பூசாரி ஊதுவார்.

மற்றது சாவுச் சங்கு. அது தப்பு மேளங்களோடு வாசகசாலைக் கட்டடத்தின் பின்னறையில் கிடக்கும். புகை படிந்து, கறுப்புக் கயிறு கட்டி, பார்க்கவே ஒரு மாதிரி. அதை ஊதுவது மாரிமுத்து மாமா. என் அம்மாவின் அண்ணன். நல்ல மனுசன், வேடிக்கையாகப் பேசுவார். ஆனால் கல்யாண வீட்டில் அவரை முன்னால் நிற்க விடமாட்டார்கள். அவரும் நிற்கமாட்டார். சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய்விடுவார்.

இந்த இரண்டு சங்கும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். சாவுச் சங்கு கோயில் படி ஏறாது. கோயில் சங்கு சாவு வீட்டுக்கு இறங்காது.

அந்த வருசம் வாசகசாலைக்குத் தகரம் மாற்றினார்கள். மழை வேறு. பின்னறைச் சாமான்களையெல்லாம் யாரோ கொண்டுபோய்க் கோயில் பக்கத்து அறையில் வைத்திருக்கிறார்கள். கோயில் தலைவர் ராசையா அண்ணனுக்கு இது தெரியாது. அவருக்கு ஒரே ஆசை: கோகிலா கல்யாணத்துக்குக் கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து கக்கூஸ் கழுவுகிற அசிட் வாங்கிவந்து ஒரு வாளியில் ஊற்றி, குத்துவிளக்கு, மணி, இருட்டறையில் கைக்கு அகப்பட்ட சங்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டார். இரண்டு சங்கைப் பார்த்ததும் "ஆத்தாவுக்கு யாரோ ஒரு சோடி குடுத்திருக்காங்க" என்று சந்தோசப்பட்டாராம்.

வாளி நுரைத்துப் பொங்கியதாம். "அழுக்கு எப்புடிக் கெளம்புது பாருங்க!" என்று வருவோர் போவோருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். பொங்கியது அழுக்கு இல்லை, சங்கே கரைந்து பொங்கியிருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது.

வெளியே எடுத்தபோது இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே வழவழப்பு. சந்தனமும் இல்லை, புகையும் இல்லை, கயிறும் இல்லை. எங்கள் ஊர் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருந்த வித்தியாசமெல்லாம் அந்த வாளித் தண்ணீரோடு சாக்கடைக் கானுக்குள் போய்விட்டது.

வலமா, இடமா?

விஷயம் பரவியதும் ஆளுக்கொரு யோசனை. "மோந்து பாருங்க, சாவுச் சங்குல சாம்பிராணி வாசம் அடிக்கும்" என்றார் ஒருவர். மோந்தோம். இரண்டிலும் அசிட் வாசம். தூக்கிப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். தூக்கினோம். தூக்கியவர்களில் பாதிப்பேர் இதுதான் கனம் என்றார்கள், மறுபாதி அதுதான் என்றார்கள்.

"நம்ம ஆத்தா சங்கு வலம்புரி. வாய் வலப்பக்கம் இருக்கும்" என்றார் ராசையா அண்ணன். கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்துப் பார்த்தார். இரண்டுக்கும் வாய் வலப்பக்கம்! "ரெண்டும் வலம்புரியா?" என்று அவர் கையெடுத்துக் கும்பிடப் போகும்போது, நான் வாங்கித் தலைகீழாகப் பிடித்தேன். இரண்டுக்கும் வாய் இடப்பக்கம். பிறகு எப்படித்தான் பிடிப்பது என்று ஒரு சண்டை.

போன வருசம் மன்னார்ப் பக்கம் கோயில் பயணம் போனபோது, சங்கு குளிக்கிற ஒருவரிடம் இதைக் கேட்டேன். "ரெண்டும் இடம்புரிதான் அக்கா. வலம்புரி உங்கட கையில கிடைச்சிருந்தா நீங்கள் ஏன் தேயிலை கிள்ளுறீங்கள்?" என்று சிரித்தார். எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் சிரித்துத் தொலைத்தேன்.

அவர்தான் உயிருள்ள சங்கைக் காட்டினார். வாளிக்குள் கிடந்தது. வெள்ளையே இல்லை! மண்ணிறத் தோல் போர்த்து, ஒரு பழைய கிழங்கு போலக் கிடந்தது. வாய்ப்பக்கம் தடித்த சதை மெதுவாக நீண்டு தடவிப் பார்த்தது. கடலடி மணலில் புழு தின்று திரிகிற நத்தை அது. இதையா நாங்கள் சந்தனம் பூசிக் கும்பிட்டோம் என்று நினைத்தேன்.

"சதை அழுகிப் போய், தோலையும் சுரண்டினாத்தான் நீங்கள் கும்பிடுற சங்கு" என்றார். அப்படியென்றால் செத்துப்போகாத சங்கு என்று எங்கேயாவது ஒன்று உண்டா? எது சாவுச் சங்கு, எது சாமிச் சங்கு? பயணம் முழுக்க இதையே யோசித்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் நினைவு வருகிறது. கோகிலா பிறந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல். பிள்ளைக்குப் பால் ஊட்ட ஒரு சின்னஞ்சிறு சங்கு கொடுத்தார்கள். நான்தான் மடியில் போட்டு ஊட்டினேன், நானே சின்னப் பிள்ளை. சங்கின் மூக்கை வாயில் வைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சப்புவாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அப்பாவும் நானும்தான். அதனால்தான் இந்தக் கல்யாணம் எனக்கு அவ்வளவு பெரிய காரியம்.

அவளுக்கு ஏற்கெனவே பேசிய இடங்கள் தட்டிப்போயிருந்தன. முப்பதைத் தாண்டிவிட்டாள். கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை. ஊர் வாய் சும்மா இருக்குமா? "அந்தப் புள்ளைக்கு ராசி இல்ல" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது என் காதுபடவே பேசினார்கள். இப்போது தாலி கட்டும் நேரத்தில் சாவுச் சங்கு ஊதினார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், அவள் வாழ்நாள் முழுக்க அது பின்னாலேயே வரும். பார்வதி அம்மா சகுனம் பார்க்கிறவர் வேறு. கேள்விப்பட்டால் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

புதுச் சங்கு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். பழையதை என்ன செய்வது? இரண்டையும் சாவுக்கு வைத்தால் ஆத்தாவின் சங்கு சாவு வீட்டுக்கு இறங்கிவிடும். இரண்டையும் கோயிலில் வைத்தால் சாவு படியேறிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

மூன்று முறை

கடைசியில் மாரிமுத்து மாமாவைக் கூப்பிட்டோம். இத்தனை வருசம் ஊதியவருக்குத் தெரியாதா?

"வாயில வச்சா சொல்லிப்புடுவேன்" என்றார் மாமா.

காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு, வாசகசாலை வாசலில் நின்றோம். மாமா, ராசையா அண்ணன், நான். பனி இன்னும் விலகவில்லை.

"மெதுவா ஊதுங்க மாமா" என்றேன்.

"சங்க மெதுவா ஊத முடியுமாடி? அது என்ன பீப்பியா?"

ஒன்றை எடுத்து ஊதினார். பள்ளத்தாக்கு முழுக்கச் சத்தம். "இதுதான்" என்றார். மற்றதையும் எடுத்து ஊதினார். முகம் மாறியது. "இல்ல... இதுதான் போல இருக்கு." திரும்பவும் முதல் சங்கை எடுத்து ஊதினார். அப்புறம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குத் தெரியலப்பா. ஒதட்டுக்குன்னு தேஞ்ச எடம் ஒண்ணு இருந்துச்சு. அதையும் கரைச்சிப்புட்டியேடா ராசையா!" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம்தான் மேலே மலையில் கூச்சல் கேட்டது. பெண்கள் கொழுந்துக் கூடையோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். தலையில் கை வைத்தபடி, "யாரு? யாரு?" என்று.

எங்கள் தோட்டத்தில் சாவுக்கு மூன்று முறைதான் ஊதுவது. நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

அப்பா நெஞ்சுவலியோடு டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தார். ஆகவே யார் என்று யாரும் யோசிக்கவே இல்லை. "வேலாயுதம் அண்ணே போயிட்டாரு" என்று மலையிலேயே முடிவாகிவிட்டது. ஓடி வந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள், மேட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்ற ஒருத்தி கொழும்பிலிருக்கிற எங்கள் சொந்தக்காரப் பையனுக்குச் சொல்லிவிட்டாள். அவன் பேஸ்புக்கில் 'கண்ணீர் அஞ்சலி' போட்டுவிட்டான். நிச்சயதார்த்தப் படத்தில் அப்பாவை மட்டும் வெட்டியெடுத்திருந்தான். ஓரத்தில் பார்வதி அம்மாவின் தோள் தெரிந்தது.

லயத்துக்குள் சிக்னல் இல்லை. ஊரை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, மருந்து குடித்துத் தூங்கிக்கிடந்த அப்பாவிடம் எதையும் சொல்லாமல் நான் ரவிக்கை தைக்க உட்கார்ந்துவிட்டேன். வேன் வந்து நின்றபோதுதான் உலகம் எங்கள் லயத்தோடு முடியவில்லை என்று புரிந்தது.

மாலை யாருக்கு?

நடந்ததையெல்லாம் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பார்வதி அம்மாவின் கையிலிருந்த மாலையை வாங்கினார்.

"எனக்குத்தானே வாங்கிட்டு வந்தீங்க? வீணாக்குவானேன்" என்று கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ! கழட்டுங்க அண்ணே!" என்று பார்வதி அம்மா அலறினார். அலறலோடு அலறலாக, நான் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டார். "அப்ப எம் மகன் தாலி கட்டும்போது எந்தச் சங்க ஊதுவீங்க? சாவுச் சங்குல எம் மகனுக்குக் கல்யாணமா? முடியாது. எது எதுன்னு தெரியாம இந்தக் கல்யாணம் நடக்காது. சொல்லிட்டேன்."

என் கையில் ஊசி ஏறியது. இரத்தம் ரவிக்கையில் பட்டுவிடக் கூடாதென்று விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மேலே ரோட்டிலிருந்து மாப்பிள்ளை சிவாவின் குரல் கேட்டது. அவர் வேன் பக்கத்தில் நின்று போனோடு போராடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஓடியாங்க! கோகிலா பஸ்ல வந்துக்கிட்டு இருக்கு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது!"

எனக்குப் பகீரென்றது. கோகிலாவை மறந்தே போயிருந்தேன்! பேஸ்புக்கைப் பார்த்துவிட்டு, போட்டது போட்டபடி பஸ் ஏறியிருக்கிறாள். படியேறி ஓடிப் போனை வாங்கினேன்.

"கோகி, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி. நல்லா இருக்காரு."

"பொய் சொல்லாதக்கா." அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "நான் வழியில விழுந்துருவேன்னு பொய் சொல்ற. அப்பாகிட்ட போனைக் குடு."

"அவரு கீழ இருக்காருடி..."

"அப்பாகிட்ட போனைக் குடு!"

படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கேட்கவில்லை. மாலையும் கழுத்துமாக ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். ஒரு பக்கம் கையைப் பிடித்திருந்தது யார் தெரியுமா? பார்வதி அம்மா. சிவா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"கோகிலாம்மா, நான்தான்" என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்தப் பக்கம் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ரொட்டியும் கட்டச் சம்பலும். ஒங்கக்கா உப்ப அள்ளிக் கொட்டியிருந்தா."

அவ்வளவுதான். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அவள் கதறிய கதறலை ரோட்டில் நின்ற எல்லோரும் கேட்டோம். சாவுக்கென்று வந்த சனத்துக்கு அப்போதுதான் உண்மையான அழுகை வந்தது. பார்வதி அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன் தங்கச்சி" என்றார் அப்பா. "காலையில எனக்குன்னுதானே சங்கு ஊதுனதா ஊரே சொல்லுது? ரெண்டையும்தான் ஊதுனாங்க. நான் செத்தேனா? இல்ல. அப்ப ரெண்டும் சாவுச் சங்கு இல்ல. கணக்குச் சரியா?"

கணக்குச் சரியா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ இடித்தது. ராசையா அண்ணன் வேகமாகத் தலையாட்டினார், அவருக்கும் புரிந்ததாகத் தோன்றவில்லை.

"எனக்கு ஒரு எழவும் வெளங்கல அண்ணே" என்றார் பார்வதி அம்மா கடைசியில். "ஆனா அந்தப் புள்ள அழுததக் கேட்ட பொறகு வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ரெண்டையும் ஒண்ணா ஊதச் சொல்லுங்க. ஒண்ண மட்டும் ஊதுனா, அது எதுவோ எதுவோன்னு நான் காலம் பூரா முழிச்சுக்கிட்டுக் கெடப்பேன்."

அப்படித்தான் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் பூசாரி ஒன்றை ஊதினார், மாரிமுத்து மாமா மற்றதை ஊதினார். மாமாவுக்குப் புதுச் சட்டை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் நின்றார். பாதி ஊதும்போதே அழுகை வந்து அவருடைய சங்கு பிசிறடித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறு மழைக்காலம்

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். காலைத் தேத்தண்ணி குடித்து முடித்து, இஸ்தோப்பு நாற்காலியிலேயே. உள்ளங்கையில் சீனி ஒட்டியிருந்தது. நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அதைச் செய்யும்போதுகூட, எழுந்து ஏதாவது கேலி பேசுவார் என்றுதான் இருந்தது.

மாரிமுத்து மாமா இரண்டு சங்கையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எதைடி ஊத?"

"எனக்குத் தெரியல மாமா."

கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போனார்.

நான் படியேறி ரோட்டுக்குப் போய்க் கோகிலாவுக்குப் போன் எடுத்தேன். டயகமவில் அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் எடுத்துவிட்டாள். அதே நேரம் கீழே முதல் சங்கு முழங்கியது.

"என்னக்கா, சங்குச் சத்தம் கேக்குது?" என்று சிரித்தாள். "ராசையா அண்ணே திரும்பவும் அசிட்ல போட்டுட்டாரா?"

இரண்டாவது முறை ஊதினார்கள். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் சிரிப்பு மெதுவாகிக்கொண்டு வந்தது. மூன்றாவது முறையும் ஊதி நின்றது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

"கோகி..." என்றேன்.

மலையில் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வரத் தொடங்கினார்கள்.

"அக்கா" என்றாள். "அப்பாகிட்ட போனைக் குடு."